மீனைத் தேடாதே, அது குடியிருக்கும் வீட்டைத் தேடு: துலாம்பென் கடலடியில் பொடி உயிர்கள்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது துலாம்பென். விமான நிலையத்திலிருந்து காரில் போனால் சுமார் மூன்று மணி நேரம். வெள்ளை மணல், தென்னை நிழல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கரை முழுக்க உருண்டைக் கருங்கல். கையை வீசிக்கொண்டு நடந்தாலே கால் பிசகும். அந்தக் கல் மேல்தான் ஊர்ப் பெண்கள் காற்று சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு, சில சமயம் ஒரே நடையில் இரண்டை வைத்துக்கொண்டு, பேசியபடியே போவார்கள். பின்னால் நாம் பூட்ஸ் மாட்டிய காலோடு தடுமாறிக்கொண்டு போவோம்.

இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருவது ஒரு கப்பலுக்காக. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் அடிபட்டு, இழுத்துக்கொண்டு போக முடியாமல் இந்தக் கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது அது கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது கரையிலிருந்து நீந்தியே போகலாம். மேல்பகுதி சுமார் 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டர் வாக்கில். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு இழுப்பது கப்பல் இல்லை. சுற்றிலும் பரந்து கிடக்கும் எரிமலைக் கறுப்பு மணலும், அதில் வாழும் பொடி உயிர்களும்தான்.

ஸ்கூபா என்றால் சுறா, திருக்கை, ஆமை என்று பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. தண்ணீருக்கடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து, 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு நத்தையைப் பார்த்தேன் என்று ஒருவர் துள்ளிக் குதித்தால், பக்கத்து மேசைக்காரர் பரிதாபமாகத்தான் பார்ப்பார். அப்புறம் அவரே ஒருநாள் அதைப் பார்த்துவிட்டால் மாறிவிடுவார். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

பலர் கேட்பது, "அவ்வளவு பொடியாக இருப்பது உங்கள் கண்ணில் எப்படிப் படுகிறது?" என்றுதான். கண் கூர்மைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. எனக்குக் கண்ணாடி போட்டால்தான் செய்தித்தாளே தெரியும். இங்கே கைடாக இருப்பவர்களைக் கவனித்தால் விஷயம் புரியும். அவர்கள் எல்லா இடத்தையும் துழாவுவதில்லை. பத்து மீட்டர் தூரத்துக்கு எதையும் பார்க்காமல் போவார்கள், திடீரெனக் குடுவை போன்ற ஒரு கடற்பஞ்சின் முன்னால் நின்று குனிவார்கள். கடலில் இந்தப் பொடிகளில் முக்கால்வாசி யார் மேலாவது குடியிருப்பவை. எந்த வீட்டில் யார் இருப்பார் என்று தெரிந்துவிட்டால், தேடும் பரப்பு ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடும்.

உதாரணத்துக்கு, பெரிய பீப்பாய் போன்ற கடற்பஞ்சு. ஆள் இடுப்பு உயரம்கூட இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். அதன் வெளிப்பக்க மடிப்புகளில் டார்ச் அடித்துப் பார்த்தால், உடம்பெல்லாம் மெல்லிய முடியோடு ரோஜா நிறத்தில் ஒரு குட்டி ஸ்குவாட் லாப்ஸ்டர் ஒட்டியிருக்கும். இறகு நட்சத்திரம் என்கிற கிரினாய்டின் கைகளை விலக்காமல் மேலிருந்து நடுவில் பார்த்தால், அதே நிறத்தில் இறால் இருக்கலாம். சில பருவங்களில் பேய்க் குழல்மீன் பக்கத்திலேயே தலைகீழாகத் தொங்கும். குமிழிப் பவளம் தெரிந்தால், குரங்கு முடி போலச் செம்பட்டை முடியோடு ஒராங்குட்டான் நண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். கடல் சாமந்தி என்றால் கோமாளி மீனை எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதன் விளிம்பின் அடியில் பார்ப்பேன். அங்கே பீங்கான் நண்டு உட்கார்ந்து, வாயருகே இருக்கும் இரண்டு விசிறிகளை மாறி மாறி வீசி, ஓடும் தண்ணீரிலிருந்து தீனி பிடித்துக்கொண்டிருக்கும். கடல் அட்டையின் முதுகைத் தவற விடக்கூடாது. எம்பரர் இறால் அதில் ஏறிச் சவாரி போகும்.

இந்த வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நெருப்பு முள்ளெலி என்ற கடல் முள்ளெலி. ஆரஞ்சும் சிவப்புமாக, முள் நுனியில் குமிழ் குமிழாக விஷப் பைகள் வைத்துக்கொண்டு, கறுப்பு மணலில் நகர்ந்து போகும். தொட்டால் கை என்னாகும் என்று கேட்கவே வேண்டாம். அந்த முட்களுக்கு நடுவில் ஒரு வட்டம் மட்டும் மொட்டையாக இருக்கும். வெட்டி எடுத்ததுபோல் சுத்தமான அந்த இடத்தில் கோல்மன் இறால் ஜோடியாக நிற்கும். வெள்ளை உடம்பு, அதில் செம்பழுப்புப் புள்ளிகள், பெரியது பெண், சின்னது ஆண். தாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் முட்களைக் களைந்து வைத்திருப்பதே அவைதான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முட்கள் மறைத்துவிடும். முள்ளெலி நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் மிதந்து அது நமக்கு வாகாகத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். துலாம்பெனுக்குக் கொஞ்சம் கிழக்கே செரையா என்ற சரிவில் இவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கைடு இல்லாமல், இப்போதுதான் ஸ்கூபா லைசென்ஸ் வாங்கியவர்கள்கூடத் தாங்களாகவே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. மணலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, வாசலில் காவலுக்கு நிற்கும் ஒரு கோபி மீன். கொஞ்சம் பொறுத்தால் உள்ளேயிருந்து ஓர் இறால் இரண்டு கையிலும் மணலை அள்ளி வந்து வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும். புல்டோசர் வேலைதான், ஓயாமல் நடக்கும். அந்த இறாலுக்குப் பார்வை ரொம்ப மங்கல். அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் மேல் வைத்தபடியேதான் வரும். ஆபத்து என்றால் மீன் வாலை வெடுக்கென்று ஆட்டும். இறால் அப்படியே பின்வாங்கிவிடும். ஆபத்து இன்னும் நெருங்கினால் மீனும் தலைகுப்புற உள்ளே பாய்ந்துவிடும்.

இதைப் பார்க்கிறபோதுதான் நெருங்கிப் போகும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம். மூன்று மீட்டர் தள்ளி, மணலுக்கு ஒட்டினாற்போல மிதந்து, மூச்சை மெதுவாக விட்டபடி நில்லுங்கள். மீன் வாலை ஆட்டினால் நின்றுவிடுங்கள். அது நமக்குத்தான் சொல்கிறது. மணல் அள்ளும் வேலை மறுபடி தொடங்கினால் இன்னும் ஒரு முழம் முன்னால் போகலாம். மேலேயிருந்து நிழல் விழுகிற மாதிரி போகவே கூடாது. ஒரு மீட்டர் வரை போய்விட்டீர்கள், இறால் இன்னும் மண் கொட்டிக்கொண்டிருக்கிறது என்றால், கடலில் வேறு எந்த உயிரையும் பயமுறுத்தாமல் பார்க்க உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அசையாமல் மிதக்கத் தெரியாதவருக்குக் கைடு எதைக் காட்டினாலும் வீண். பார்க்கக் குனிவதற்குள் மணல் கிளம்பி எல்லாம் மறைந்துவிடும், பின்னால் வருகிறவருக்கும் போச்சு. இதில் பாதிப் பிரச்சினை இடுப்பில் கட்டிக்கொள்ளும் எடைக்கட்டியில்தான். அலுமினியம் சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கே எடை உண்டு; ஒரு டைவ் முடியும்போது சுமார் இரண்டு கிலோ காற்று செலவாகியிருக்கும். அதனால் கரையில் இறங்கும்போது சரியாக இருந்த எடை, கடைசியில் ஆழம் குறைந்த இடத்தில் போதாமல் மேலே தூக்கும். பொடி உயிர்களைப் பார்க்கும் டைவ்களோ பெரும்பாலும் அந்த 5 மீட்டரில்தான் முடியும். முதல் நாளே, சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சமிருக்கும்போது 5 மீட்டரில் நின்று பாருங்கள். பிசிடி என்ற மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் அசையாமல் நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் எடை. அதிகமாகக் கட்டிக்கொள்வதும் தப்பு. பிசிடியில் காற்று நிரப்பிச் சமாளிக்கப் போய், கால் தொங்கி, அதில் மாட்டிய ஃபின் மணலைக் கிளறும்.

ஃபின்னை மேலும் கீழுமாக அடிக்கும் பழக்கத்தை விட்டு, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைக்கப் பழகுங்கள். பின்னோக்கி நகரவும் கற்றுக்கொண்டால் நல்லது, ஏனென்றால் பார்த்து முடித்தபின் திரும்புகிற நேரத்தில்தான் பலபேர் பவளத்தை உடைக்கிறார்கள். கையை எங்கேயும் ஊன்றாதீர்கள். கல் என்று நினைப்பது கல்மீனாக இருக்கலாம், பாசி என்று நினைப்பது தொட்டால் சுணைக்கும் ஹைட்ராய்டு என்ற செடி போன்ற உயிராக இருக்கலாம். உலோகக் குச்சி ஒன்று எல்லா கடையிலும் விற்கிறார்கள். மணலில் நுனியைக் குத்தி நிற்பதற்கு உதவும் என்பது உண்மை. ஆனால் குச்சி கையில் இருந்தால் எதையாவது தட்டிப் பார்க்கத் தோன்றும். நான் எடுத்துப் போவதை விட்டுவிட்டேன்.

மெதுவாகப் போவதில் வேறொரு லாபம், காற்று. 10 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தைப் போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அதாவது அதே சிலிண்டர் 30 மீட்டரைவிட 10 மீட்டரில் இரண்டு மடங்கு நேரம் வரும். நீந்தாமல் நின்றால் மூச்சும் குறையும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக இருக்கலாம். ஆனால் அசையாமல் இருந்தால் குளிரும். தண்ணீர் 27, 28 டிகிரிதானே என்று மெல்லிய வெட்சூட்டில் இறங்கினால், மூன்றாவது டைவில் பல் கிட்டிப் போகும். ஐந்து மில்லிமீட்டர் சூட், தலைக்கு ஒரு குல்லா. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

டார்ச் பகலிலும் வேண்டும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு நத்தையும் பழுப்புக் கல்லும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். வெளிச்சம் பட்ட நொடியில்தான் அது சிவப்பு என்றே தெரியவரும். சூரியன் மாதிரி கொட்டும் பெரிய விளக்கு வேண்டியதில்லை. குறுகிய ஒளி தரும் சின்ன டார்ச் போதும், வெளிச்ச வட்டத்துக்குள் மட்டும் பார்க்க அது கண்ணைப் பழக்கும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னொன்று. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நாலில் ஒரு பங்கு அருகிலும் தெரியும். கேட்க நல்லதாக இருக்கிறது, ஆனால் வெள்ளெழுத்துக்காரருக்கு அந்த "அருகில்" உதவாது. மாஸ்க்கின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சின்ன ரீடிங் லென்ஸ் கிடைக்கிறது. அதை ஒட்டிய அன்றுதான், அதுவரை கைடு காட்டியதற்கெல்லாம் ஓகே ஓகே என்று தலையாட்டியது பாதி மரியாதைக்குத்தான் என்று பலருக்குத் தெரியவரும். மணிக்கட்டில் கயிற்றால் கட்டிய ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணாடி நிஜமாகவே தேவைப்படுவது "இலை ஆடு" பார்க்க. விஞ்ஞானப் பெயர் கோஸ்டாசியெல்லா குரோஷிமே. ஜப்பானின் குரோஷிமா தீவின் பெயரால் 1993-இல் வைத்த பெயர். எல்லோரும் இதை நூடிபிராங்க் (ஓடில்லாத ஒரு வகைக் கடல் நத்தை) என்று சொன்னாலும், சரியாகச் சொன்னால் இது அதன் தூரத்து உறவான சாறு உறிஞ்சும் நத்தை. மணலில் தனித்தனியாக நிற்கும், வெல்வெட் போன்ற மேற்பரப்புள்ள பச்சைப் பாசி இலைதான் இதன் வீடு. இலை உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதன் மேல் அரிசி மணி நீளத்தில் ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். பூதக்கண்ணாடியை நீட்டினால், வெள்ளை முகத்தில் நெருக்கமாக இரண்டு கறுப்புக் கண் புள்ளிகள், காது மாதிரி இரண்டு கொம்புகள், முதுகெல்லாம் பச்சை இதழ்கள், இதழ் நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு. பாசியிலிருந்து உறிஞ்சும் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் அந்த இதழ்களில் சேர்த்து வைத்துக்கொள்வதால்தான் அந்தப் பச்சை.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: இலையில் வெள்ளை நூலைச் சுருட்டி வைத்ததுபோல் முட்டைச் சுருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முட்டை இருந்தால் ஆடு பக்கத்தில்தான். நூடிபிராங்குகளுக்கும் இதே கதைதான். கல்லில் ரிப்பன் ரோஜா போல் முட்டை தெரிந்தால், சுற்றி அரை மீட்டருக்குள் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றாது. அவை தின்கிற கடற்பஞ்சும் ஹைட்ராய்டும் எங்கே என்று பழகிவிட்டால் இன்னும் சுலபம். இலையைக் கையால் திருப்பிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வராமலா போகும்?

பிக்மி கடல்குதிரை பற்றி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். கதை சுவாரசியம்தான். நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் 1969-இல் நூமெயா மீன் காட்சியகத்துக்காகக் கடல் விசிறி என்ற பவளங்களைச் சேகரித்தபோது, மேலே கொண்டுவந்து பார்த்த பிறகுதான் விசிறியில் ஒட்டியிருந்த கடல்குதிரைகளைக் கவனித்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. உடம்பில் இருக்கும் முண்டுகள் விசிறியின் மூடிய மொட்டுகளைப் போலவே இருக்கும். ஆனாலும் அதைத் தேடி டைவ் போவது எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. இருக்கும் விசிறிகள் பெரும்பாலும் ஆழத்தில். அங்கே நிற்க முடிவது சில நிமிடம். அதற்குள் ஐந்தாறு கேமராக்காரர்கள் வரிசையில். அதுவோ வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே காற்றில் செரையாவின் சரிவில் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்துவிடலாம்.

கேமரா என்றதும் ஒரு வருத்தம். ஹார்லெக்வின் இறால் என்று ஒன்று உண்டு, பால் வெள்ளையில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக, தட்டை இலை போன்ற கைகளோடு. ஜோடியாகத்தான் வாழும்; தின்பது நட்சத்திர மீனை மட்டும். தங்களைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திர மீனை இரண்டும் சேர்ந்து மல்லாக்கப் புரட்டி, கையின் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இது ஓரிடத்தில் தங்கினால் கைடுகளுக்கு வருமானம். அதனால் சில இடங்களில் வேறெங்கோ இருந்து நட்சத்திர மீனைக் கொண்டுவந்து போட்டு, இறால் நகராமல் பார்த்துக்கொள்வார்கள். இறாலுக்குச் சோறு கிடைக்கிறது என்று சமாதானம் சொல்லலாம், எனக்கு மனசு ஒப்பவில்லை. படத்துக்காக உயிரை இலை நுனிக்கு நகர்த்தி வைப்பதும் நடக்கிறது. மீன்களையும் கடல்குதிரைகளையும் வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், பிளாஷை விடக் கையால் சீண்டுவதுதான் அவற்றை அதிகம் அலைக்கழிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கைடு அப்படிச் செய்யப் போனால், விரலை ஆட்டி வேண்டாம் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். நாம் கேட்போம் என்று நினைத்துத்தான் அவர் செய்கிறார்.

இறங்குவதற்கு முன்பே பேசிவிடுவது இன்னும் நல்லது. "பிளி, பெரிய மீன் எதுவும் வேண்டாம், மெதுவாகப் போகலாம், எதையும் நகர்த்த வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பிளி என்றால் அங்கே அண்ணன். ஊரில் பாதிப்பேர் வயான், மீதிப்பேர் மடே. பிறந்த வரிசைப்படி வைக்கும் பெயர்கள் என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இரண்டு பேருக்கு ஒரு கைடு என்று கேளுங்கள், கொஞ்சம் கூடக் காசு ஆனாலும் பரவாயில்லை. ஆறு பேர் போனால், கடைசி ஆள் முறை வரும்போது மணல்தான் மிச்சம்.

மேலே வந்ததும் பார்த்ததை அன்றைக்கே குறித்து வையுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் நிறம், ஆழம், எதன் மேல் இருந்தது என்று மூன்று மட்டும் போதும். அந்த மூன்றாவதுதான் அடுத்த தடவை உதவும்.

கிளம்பும் நாளைப் பற்றி ஒன்று. பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், மலைச் சாலைக்கும் அதே கவனம் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். துலாம்பெனிலிருந்து உபுத் போகும் ஒரு வழி கிந்தாமணி என்ற மலைப் பகுதி மேல் ஏறி இறங்குகிறது, சுமார் 1500 மீட்டர் உயரம். காலையில் டைவ் அடித்துவிட்டு மதியம் அந்த வழியில் போகக் கூடாது. கடலோரச் சாலையிலேயே போங்கள் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எரிமலை நன்றாகத் தெரியும் என்று சொல்லி, ஆசையாக மேலே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.